நின்றதைக் கண்டாயா, எடுத்ததைக் கண்டாயா?

துப்பறியும் நாவல் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் நம் பங்குக் குடும்பங்களில் இன்றும் உண்டு. "கொலையும் கொள்ளையும் படித்துப் பிள்ளை என்ன ஆகப்போகிறான்?" என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட நான் முற்படவில்லை. ஏனெனில், அத்தகைய நாவல்களை விழுந்து விழுந்து படித்த ஒரு சிறுவனின் வாயால், குற்றமற்ற ஒரு குடும்பம் கண்ணீர் சிந்தியதை நான் அறிவேன். அந்தச் சிறுவன் வேறு யாருமல்லன், நானே.

வந்தவாசி என்றதும் வரலாறு பயின்றோர்க்கு 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர் நினைவுக்கு வரும். அங்கே வளர்ந்த எங்களுக்கோ கோரைப் பாய்தான் ஊரின் அடையாளம். 1970-களின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் பாய் வணிகம் செய்த ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டு அம்மையாரை நான் 'பெரியம்மா' என்றே அழைப்பேன். கோரைக்குச் சாயம் தோய்த்து உலர்த்தும் வேலைக்கு ஓர் ஏழைப் பையன் அங்கே வந்துகொண்டிருந்தான். அவனுக்கு வயது பதினான்கு, எனக்குப் பன்னிரண்டு.

ஒரு நாள் பிற்பகலில் பெரியம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி காணாமற்போயிற்று. வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அப்போது நான் வாடகைப் புத்தகக் கடையின் தமிழ்வாணன் நாவல்கள் அனைத்தையும் படித்து முடித்திருந்தேன். என்னை நானே ஒரு சங்கர்லாலாக எண்ணிக்கொண்டிருந்த காலம். கூடியிருந்த பெரியவர்கள் நடுவே நின்று, "மதியம் அவன் பீரோ பக்கத்தில் நின்றான், நான் பார்த்தேன்" என்றேன். நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் அந்த ஒரு வாக்கியமே போதுமானதாயிருந்தது. பையனை அடித்தார்கள், வேலையிலிருந்து நீக்கினார்கள். அவனுடைய தாயைத் தெருவில் யாரும் வேலைக்கு அழைக்கவில்லை.

மூன்று மாதம் சென்று கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விருந்தினர் வந்தனர். பரண்மேல் சுருட்டி வைத்திருந்த புதுப் பாயை எடுத்து விரித்தபோது, உள்ளேயிருந்து சங்கிலி விழுந்தது. மதியம் படுக்கும்போது தலைமாட்டில் கழற்றி வைத்ததைப் பெரியம்மா மறந்து, பாயோடு சேர்த்துச் சுருட்டிவிட்டார்.

அன்று இரவு என் அன்னை என்னை அருகில் அழைத்தார். எழுதப் படிக்க அறியாதவர் அவர். ஒரு துப்பறியும் நாவலையும் கையால் தொட்டதில்லை. "நீ எதைக் கண்டாய்? அவன் எடுத்ததைக் கண்டாயா, நின்றதைக் கண்டாயா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் என் கையைப் பிடித்து அந்தப் பையனின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவன் அங்கே இல்லை. மாமனோடு ஆரணிக்குப் பட்டுத்தறி வேலைக்குப் போய்விட்டானாம். அவன் பீரோ அருகே நின்றது ஏன் என்பதை அவனுடைய தாய் சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கத்தான் அவன் நின்றிருக்கிறான். அவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. தாய்க்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பது அவன் பொறுப்பாயிருந்தது.

நான் படித்த கதைகள் என்னைக் கெடுத்தனவா? பல ஆண்டுகள் இக்கேள்வி என்னைத் துன்புறுத்தியது. நான் அக்கதைகளைப் படித்தேனேயன்றி, சரியாகப் படிக்கவில்லை என்பதே இன்று நான் கண்டுள்ள விடை. நல்ல துப்பறியும் கதை ஒவ்வொன்றும் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் புகட்டுகிறது: முதலில் தோன்றும் சந்தேகம் பெரும்பாலும் தவறு. கதையில் முதலில் சந்தேகிக்கப்படுபவன் குற்றவாளியல்லன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளையும் அவனைப் பெற்றவர்களும் தெருவில் ஒரு பொருள் காணாமற்போனதும், முதலில் கண்ணில்பட்ட ஏழையின்மேல் பழி சுமத்திவிடுகின்றனர். இந்த முரண்பாட்டையே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன்.

விவிலியத்தில் ஒரு துப்பறிவாளர்

துப்பறியும் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841-இல் வெளியிட்ட சிறுகதையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் திருநூலில் ஒரு துப்பறிவாளரைக் காண்கிறோம். தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் வாசிக்கப்படும் சூசன்னாவின் வரலாற்றை நினைவுகூருங்கள். ஊரில் மதிப்புமிக்க முதியோர் இருவர் அவள்மேல் பொய்க் குற்றம் சாட்டுகின்றனர். மக்கள் கூட்டம் அவர்களை நம்பிச் சாவுத் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. அப்போது இளைஞர் தானியேல் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறார். இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் அக்குற்றத்தைக் கண்டீர்கள் என வினவுகிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். பொய் வெளிப்பட்டு, குற்றமற்றவள் உயிர் பிழைக்கிறாள்.

அதனையடுத்து வரும் பேல் தெய்வத்தின் வரலாறும் அத்தகையதே. படையலைத் தெய்வமே உண்கிறது என்று அர்ச்சகர்கள் அரசனை நம்பவைத்திருந்தனர். தானியேல் இரவில் தரையெங்கும் சாம்பலைத் தூவச் செய்தார். காலையில் சாம்பலில் பதிந்திருந்த கால்தடங்கள் உண்மையைக் கூறின. ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1928-இல் குற்றக் கதைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, முன்னோடிக் கதைகளின் வரிசையில் தானியேலின் இவ்விரு வரலாறுகளையும் சேர்த்தார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தானியேல் முதலில் செய்தது குற்றவாளியைப் பிடிப்பதன்று; குற்றமற்றவளைக் காப்பாற்றுவது. துப்பறிதலின் தலையாய கடமை அதுவே. என் அன்னை கேட்ட கேள்வியும் தானியேல் கேட்ட கேள்வியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை: நீ உண்மையில் கண்டது என்ன?

ஆரணி தந்த எழுத்தாளர்

என்னால் பழிசுமந்த அந்தப் பையன் ஆரணிக்குப் போனான் என்று சொன்னேன் அல்லவா? தமிழில் துப்பறியும் கதைகளைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் ஆரணியின் பெயரைத் தம் பெயரோடு கொண்டிருந்தவர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

தமிழில் இத்துறைக்கு வித்திட்டவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி. தானவன் என்னும் போலீஸ் நிபுணனை நாயகனாகக் கொண்டு அவர் எழுதிய கதைகள் 1894-இல் வெளிவந்தன. அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூவர் பெரும்புகழ் பெற்றனர். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரே அம்மூவர்.

குப்புசாமி முதலியார், நாகவேடு முனுசாமி முதலியார் 1915-இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக விளங்கினார். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில நாவலாசிரியர்களின் நூல்களைத் தமிழ் மண்ணுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். லண்டன் மாநகரின் ஷெர்லக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். அவர் 1925-இல் மறைந்தார். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அவருடைய துப்பறிவாளர் கோவிந்தன். துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் நாவலில் மட்டுமன்றி, 1950-இல் திரைப்படமாகவும் மக்களை மகிழ்வித்தார்.

இந்நூல்களை அக்காலத்துச் சான்றோர் பலர் கண்டித்தனர். இளைஞரும் பெண்களும் கெட்டுப்போவர் என அஞ்சினர். ஆனால் நடந்தது என்ன? உரக்கப் படித்துக் கூட்டமாகக் கேட்டுப் பழகிய ஒரு சமுதாயத்தில், ஆயிரக்கணக்கானோர் தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் பழக்கத்தை இத்தகைய நாவல்களின் வழியாகவே பெற்றனர். தழுவல் என்னும் குறை இருந்தது. கதைப்பின்னல் சில இடங்களில் நம்பத்தகாததாயிருந்தது. ஆயினும் தமிழரைப் படிக்கப் பழக்கிய பெருமையை இவர்களுக்கு மறுத்தல் இயலாது.

அவர்களுக்குப் பின் வந்த வரிசை நீண்டது. 1940-களில் 'ஆனந்த விகடன்' இதழில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு, தன் அறிவால் அன்றி அதிர்ஷ்டத்தால் வழக்குகளை முடித்து வீடெங்கும் சிரிப்பைப் பரப்பினார். 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் (1926–1977) படைத்த சங்கர்லால் தேநீர்க் கோப்பையோடு உலகெங்கும் துப்பறிந்தார். 1968-இல் 'நைலான் கயிறு' நாவலின் மூலம் சுஜாதா புதியதொரு நடையைக் கொணர்ந்தார். வழக்கறிஞர் கணேஷும் பின்னர் வந்த வசந்தும் இன்றும் வாசகர் நினைவில் வாழ்கின்றனர். 1980-களில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. கோவையின் ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். பட்டுக்கோட்டை பிரபாகரும், இருவர் இணைந்த 'சுபா'வும் உடன் ஓடினர். இன்று அத்தொங்கல் குறைந்துவிட்டது. கதைகள் கைப்பேசித் திரைக்கும் ஒலிநூலுக்கும் வலைத்தொடருக்கும் இடம் மாறியுள்ளன. கருவி மாறினாலும் கதை கேட்கும் ஆவல் மாறவில்லை.

துப்பறிந்த குருவானவர்

நம் திருச்சபையோடு இத்துறைக்கு நெருங்கிய உறவு ஒன்றுண்டு என்பதைப் பல குடும்பங்கள் அறியா. ஜி. கே. செஸ்டர்டன் (1874–1936) படைத்த பிரௌன் அடிகளார் கட்டையான உருவமும் பெரிய குடையும் கொண்ட ஓர் எளிய பங்குக்குரு. அவரைப் பற்றிய முதற்கதை 1910-இல் வெளிவந்தது. முதல் தொகுப்பு 1911-இல் வந்தது. தம் நண்பரான ஜான் ஓ'கானர் என்னும் குருவை மனத்தில் கொண்டே செஸ்டர்டன் இப்பாத்திரத்தை உருவாக்கினார். 1922-இல் செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது அவரை ஏற்றவரும் அந்த ஓ'கானர் அடிகளாரே.

ஏனைய துப்பறிவாளர் சிகரெட் சாம்பலையும் காலடித் தடத்தையும் ஆராய்வர். பிரௌன் அடிகளாரோ மனித மனத்தை ஆராய்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து மனிதரின் பாவங்களைக் கேட்டவருக்குத் தீமை புதியதன்று. முதற்கதையில் ஃபிளாம்போ என்னும் புகழ்பெற்ற திருடன் குருவானவர் வேடத்தில் வருகிறான். அவன் பகுத்தறிவை இகழ்ந்து பேசியதும், இவன் உண்மைக் குரு அல்லன் என்று அடிகளார் உணர்ந்துகொள்கிறார். இறையியலுக்குப் பகுத்தறிவு பகையன்று என்பது அவர் கொள்கை.

அக்கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் வழி, தன்னையே அவனுடைய இடத்தில் வைத்துப் பார்ப்பது என்கிறார் அடிகளார். 'நானும் இதைச் செய்யக்கூடியவனே' என்று உணராத மனிதன் குற்றவாளியைப் புரிந்துகொள்ள இயலாது. அவன் வேறொரு விலங்கினம் என்று எண்ணுவோர் எளிதில் கல்லெறிவர். ஃபிளாம்போவை அடிகளார் சிறையில் தள்ளி மகிழவில்லை. அவனிடம் பேசித் திருடிய வைரங்களைத் திரும்பக் கொடுக்கச் செய்கிறார். அவன் திருந்தி, பிற்காலத்தில் அவருடைய நண்பனாகவும் துணையாகவும் ஆகிறான்.

இன்னொருவர் ரானல்ட் நாக்ஸ். 1917-இல் கத்தோலிக்கராகி, 1919-இல் குருப்பட்டம் பெற்றவர். விவிலியத்தை ஆங்கிலத்தில் தனியே மொழிபெயர்த்தவர். அவர் துப்பறியும் நாவல்களையும் எழுதினார். 1929-இல் அவர் துப்பறியும் கதைகளுக்கெனப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தோன்றவேண்டும். பேய், மாயம் கூடா. யாரும் அறியாத நஞ்சைப் புகுத்தலாகாது. தற்செயல் நிகழ்ச்சி துப்பறிவாளருக்கு உதவலாகாது. துப்பறிவாளரே குற்றவாளியாகக் கூடாது. அவர் கண்ட தடயம் வாசகருக்கும் காட்டப்படவேண்டும் என்பன அவற்றுள் சில. சீனர் ஒருவரைக் கதையில் கொணரலாகாது என்றும் ஒரு கட்டளை உண்டு. வேற்று இனத்தாரை வில்லனாகக் காட்டிப் பிழைத்த மலிவான நாவல்களை நையாண்டி செய்தே அதனை எழுதினார். நம் தேவனின் சாம்புவோ தற்செயலையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவர்! விதியைத் தெரிந்து மீறினால் நகைச்சுவை பிறக்கும். தெரியாமல் மீறினால் வாசகர் ஏமாற்றமடைவர்.

ஏட்டிலிருந்து வாழ்வுக்கு

கதையில் கற்ற பாடம் வாழ்வில் உதவுமா? உதவிய வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயர் பகுதியில் ஜார்ஜ் எடல்ஜி என்னும் இளம் வழக்கறிஞர் வாழ்ந்தார். அவருடைய தந்தை பம்பாயில் பிறந்த பார்சி. கிறிஸ்தவராகி ஆங்கிலத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றியவர். ஊரில் இரவு நேரங்களில் கால்நடைகளை யாரோ வெட்டிச் சிதைத்தனர். நிறத்தால் வேறுபட்ட அந்தக் குடும்பத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. 1903-இல் எடல்ஜிக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மூன்றாண்டுக்குப் பின் விடுதலையாயினும், அவர்மேல் படிந்த களங்கம் நீங்கவில்லை.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலை அவர் நாடினார். முதல் சந்திப்பில் எடல்ஜி செய்தித்தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்ததை டாயில் கவனித்தார். கண் மருத்துவம் பயின்றிருந்த அவருக்கு அது போதுமானதாயிருந்தது. இத்தனை கிட்டப்பார்வை உடையவர் இருளில் இருப்புப்பாதையையும் வேலிகளையும் கடந்து சென்று அக்கொடுமையைச் செய்திருக்க இயலாது. 1907 ஜனவரியில் அவர் எழுதிய கட்டுரைகள் நாட்டையே உலுக்கின. அவ்வாண்டே கால்நடைக் குற்றத்துக்காக எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆனால் இழப்பீடு ஏதும் தரப்படவில்லை. குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் இங்கிலாந்தில் அதே ஆண்டு உருவானதற்கு அவ்வழக்கும் ஒரு தூண்டுதலாயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு கசப்பான நினைவு உண்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் இலட்சுமிகாந்தன் என்பவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். திரைக்கலைஞர்களின் அந்தரங்கங்களை அச்சிட்டு இதழ் நடத்தியவர் அவர். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் பின்னர், 1947 ஏப்ரலில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் ஏறத்தாழ முப்பது மாதங்கள் சிறையில் கழிந்தன. புகழின் உச்சியில் இருந்த பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அந்த அவதூறு ஏட்டைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார்? நம்மைப் போன்ற வாசகர்களே. இன்று அதே பழக்கம் கைப்பேசியில் வரும் செய்திகளைப் பகிரும் பழக்கமாக உருமாறியிருக்கிறது. யாரோ ஒருவருடைய படம் 'இவன்தான் திருடன்' என்ற சொற்களோடு வந்தால், அதை அனுப்பும் முன் என் அன்னையின் கேள்வியைக் கேட்கிறோமா?

படிப்பதும் மதிப்பிடுவதும்

ஆகவே பிள்ளைகளின் கையிலிருந்து நாவலைப் பிடுங்குவது வழியாகாது. அதனை எவ்வாறு படிப்பது எனக் கற்பிப்பதே வழி. வயதுக்கு ஒவ்வாத வன்மமும் ஆபாசமும் நிறைந்தவற்றைப் பெற்றோர் முதலில் தாமே படித்துப் பார்த்து விலக்குதல் வேண்டும். நல்லவற்றைக் குடும்பமாகப் படிக்கலாம். நான் என் வீட்டில் கையாண்ட முறை எளியது. கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடிவிடுவோம். ஒவ்வொருவரும் ஒரு தாளில் தாம் யாரைச் சந்தேகிக்கிறோம், எந்தத் தடயத்தால் என்று எழுதவேண்டும். பின்னர் முடிவைப் படிப்போம். தம் சந்தேகம் தவறாகிப்போவதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும் பள்ளி அது.

இளைஞர் மன்றங்களில் நூல் மதிப்புரை எழுதுவோர்க்கும் சில சொற்கள். துப்பறியும் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது பாய் முடைவதைப் போன்றது. இழுத்துக் கட்டவும் வேண்டும், அறுந்துவிடவும் கூடாது. குற்றவாளி யார் என்பதை வெளியிடுதல் பிறருடைய மகிழ்ச்சியைத் திருடுவதாகும். கதையின் முதல் மூன்றிலொரு பங்குக்கு மேல் சொல்லவேண்டிய தேவையில்லை. ஆனால் மதிப்புரை எழுதுபவர் நூலை இருமுறை படித்தல் கடமை. முதல் வாசிப்பில் ஆசிரியர் நம்மை ஏமாற்றுகிறார். இரண்டாம் வாசிப்பில்தான் அவர் நேர்மையாக ஏமாற்றினாரா என்பது விளங்கும்.

நூலை மூடியபின் ஐந்து வினாக்களை எழுப்பலாம். உண்மையை ஊகிக்கப் போதுமான தடயங்கள் வாசகருக்குத் தரப்பட்டனவா? இறந்தவர் ஒரு மனிதராகக் காட்டப்பட்டாரா, அன்றி முதல் பக்கத்தில் கிடக்கும் ஒரு பிணமாக மட்டுமா? குறிப்பாக, கொலையுண்ட பெண்ணின் துன்பம் வேடிக்கைப் பொருளாக்கப்பட்டதா? ஏழை, வேற்று மதத்தார், கரிய நிறத்தார், வேலைக்காரர் ஆகியோர்மேல் சந்தேகத்தை எளிதாகச் சுமத்தி ஆசிரியர் பிழைத்தாரா? குற்றம் செய்தவனும் ஒரு தாயின் பிள்ளை என்ற நினைவு நூலில் எங்கேனும் உண்டா? இவ்வைந்துக்கும் நல்ல விடை தரும் நூல், அட்டையில் எத்தகைய படம் இருப்பினும், நம் வீட்டு அலமாரியில் இடம்பெறத் தகுதியுடையது. அட்டையில் அழகிய படம் இருந்தும் இவற்றில் தவறும் நூல் தகுதியற்றது.

எழுத விழையும் இளைஞர்க்கு

'நானும் ஒரு துப்பறியும் கதை எழுதலாமா?' என்று கேட்கும் இளைஞர் நம் பங்குகளில் உண்டு. தாராளமாக எழுதலாம். அதற்கு லண்டன் மூடுபனியும் மாளிகையும் தேவையில்லை. ஊரையும் மனிதரையும் அறிந்திருந்தால் போதும். வந்தவாசியின் சாயத் தொட்டிகளும், வெயிலில் உலரும் கோரைக் கட்டுகளும், பழைய கோட்டையின் சிதைவுகளும், ஆரணித் தறியின் பாவும் ஊடையும் சரிகையும் கதைக்குப் போதிய களமாகும். எந்தச் சாயம் கையில் எத்தனை நாள் நிற்கும் என்பது நெசவாளிக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிக்குத் தெரியாது. இத்தகைய அறிவே நல்ல தடயமாகும்.

முடிவை முதலில் முடிவுசெய்து, பின்னர் தொடக்கத்தை எழுதுங்கள். நெசவாளி பாவு ஓட்டிய பிறகே ஊடையைச் செலுத்துகிறார். நடந்த உண்மை பாவு, நீங்கள் காட்டும் நிகழ்ச்சிகள் ஊடை. முக்கியமான தடயத்தை வெளிச்சத்தில் வையுங்கள். ஆனால் அவ்வேளையில் வாசகரின் கண்ணை வேறொன்றின்மேல் திருப்புங்கள். ஒளித்து வைப்பது ஏமாற்று வேலை. கண்முன் வைத்தும் காணாமற்செய்வதே கலை.

சட்டத்தையும் அறிவியலையும் சற்றே கற்றுக்கொள்ளுங்கள். பல நாவல்களில் காவல் அதிகாரி ஓர் அறை கொடுத்ததும் குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள, கதை முடிந்துவிடும். உண்மையில் காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அவ்வாறே கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமமும் அவ்விதியைத் தொடர்கிறது. அடித்துப் பெறும் உண்மை உண்மையாகாது என்பதே அதன் கருத்து. என் தெருவில் அடிபட்ட அந்தப் பையன், வலி தாங்காமல் 'ஆம்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என எண்ணிப் பாருங்கள்! விரல்ரேகையைப் பற்றி எழுதுவோர், 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகை அலுவலகம் உலகில் முதலாவது என்பதையும், அம்முறையை வகுத்ததில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இறுதியாக ஒன்று. அண்மையில் நடந்த உண்மைக் கொலையைப் பெயரை மட்டும் மாற்றிக் கதையாக்காதீர்கள். அந்த வீட்டில் இன்னும் ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள்.

ஆரணியில் ஒரு மாலை

உலகின் முதற்கொலையைத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். அனைத்தும் அறிந்த இறைவன் காயினைத் தண்டிக்கும் முன் அவனிடம் கேள்வி கேட்கிறார். தண்டித்த பின்னரும், எவரும் அவனைக் கொன்றுவிடாதபடி அவன்மேல் ஓர் அடையாளத்தை இடுகிறார். எல்லாம் அறிந்தவரே கேட்டார் என்றால், ஒன்றும் அறியாத நாம் கேளாமல் தீர்ப்பிடுவது எங்ஙனம் தகும்?

இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மாலையில் நான் ஆரணிக்குச் சென்றேன். விசாரித்துக்கொண்டே நடந்து, அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். பையனாயிருந்தவர் வளர்ந்து தறிக்குச் சொந்தக்காரராகியிருந்தார். குழித்தறியில் அமர்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் எண்ணிச் சென்ற சொற்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அண்ணா. மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் கூறினேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நீயும் அப்போது சின்னப் பிள்ளைதானே, தம்பி. பெரியவர்கள்தாம் கேட்டிருக்க வேண்டும். என்னை அடித்தார்களே தவிர, ஏன் அங்கே நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றார்.

அதன்பின் எத்தனையோ துப்பறியும் நாவல்களைப் படித்துவிட்டேன். சிலவற்றுக்கு மதிப்புரையும் எழுதியிருக்கிறேன். அவர் அன்று சொன்னதைவிடக் கூர்மையான ஒரு தீர்ப்பை எந்த நூலின் கடைசி அத்தியாயத்திலும் நான் கண்டதில்லை. உங்கள் வீட்டில் நாளை ஒரு பொருள் காணாமற்போகலாம். பிள்ளை ஓடிவந்து ஒருவரைச் சுட்டிக்காட்டலாம். அவ்வேளையில் அந்தப் பிள்ளையை அருகே அமர்த்தி, எழுத்தறியாத என் அன்னை கேட்ட அக்கேள்வியை முதலில் கேளுங்கள். சந்தேகிக்கப்பட்டவரையும் அழைத்து, ஏன் அங்கே நின்றீர் என அன்போடு வினவுங்கள். கடிகாரம் இல்லாத வீடுகள் இன்றும் உலகில் உண்டு.